வேளாண் கல்லூரி என்று சுருக்கிவிட முடியாத ஒரு பல்கலைக்கழகம்

வியன்னாவில் இயற்கை வளங்களுக்கும் உயிர் அறிவியலுக்கும் என்றே தனியாக ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1872இல் தொடங்கியது. அந்நகரத்தார் அதைச் சுருக்கமாகப் ‘போக்கூ’ என்பார்கள். ஐரோப்பாவில் மேற்படிப்பு பற்றிய பேச்சில் இந்தப் பெயர் அடிபடும்போதெல்லாம் இரண்டு விதமான எண்ணங்கள் எழுவதைப் பார்க்கலாம். ஒன்று, ‘அது விவசாயக் கல்லூரிதானே?’ என்பது. இன்னொன்று, மரங்களைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கூடாரம் என்பது. முதலாவது பாதி சரி. இரண்டாவதில் கால்வாசிகூடச் சரியில்லை, ஏனென்றால் மரத்தை எப்போது, எப்படி வெட்டுவது என்பதும் அங்கே முக்கியமான பாடம்.

அப்படியானால் இந்த வகைப் பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறது? வனவியல், நீர்ப் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம், மரபணு ஆய்வு, நிலச் சட்டம் எல்லாம் ஏன் ஒரே கூரையின் கீழ்?

ஏரி யாருடைய பாடம்?

ஓர் ஊரில் ஏரியின் நீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் வந்து பார்த்து, மதகு பழுதாகிவிட்டது, கரையைப் பலப்படுத்த வேண்டும் என்பார். மண்ணியல் படித்தவர், வண்டல் படிந்து கொள்ளளவே சுருங்கிவிட்டது என்பார். காட்டைப் பற்றித் தெரிந்தவர் வரத்துக் கால்வாயின் வழியே மேலேறிப் போய், குன்றில் ஒரு புதர்கூட இல்லை, மழை பெய்தால் மண்தான் இறங்கிவரும் என்பார். வயல்களுக்கு நீரைப் பங்கிட்டுத் திறந்துவிடும் நீர்க்கட்டியைக் கேட்டால் அவருடைய கதை வேறு: கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதில்லை, அதனால் கடைமடைக்காரர்கள் தூர்வாரும் செலவில் பங்கு தருவதில்லை.

நால்வர் சொல்வதும் உண்மை. ஆனால் ஒருவர் பேச்சை மட்டும் கேட்டால் காரியம் நடக்காது. தூர்வாரிவிட்டுக் குன்றை அப்படியே விட்டால் சில மழைக்காலங்களில் வண்டல் திரும்பிவிடும். குன்றில் மரம் வைத்துவிட்டு நீர்ப்பங்கீட்டுச் சண்டையைத் தீர்க்காவிட்டால் அந்த மரங்களைக் காக்க ஆளிருக்காது.

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அறிவைத் துறைவாரியாகப் பிரித்திருக்கின்றன. வேதியியலுக்கு ஒரு கட்டடம், கட்டுமானப் பொறியியலுக்கு இன்னொன்று, பொருளாதாரத்துக்கு ஊரின் மறுகோடியில் வேறொன்று. போக்கூ போன்ற பல்கலைக்கழகத்தில் ஏரிதான் நடுவில் இருக்கிறது. துறைகள் அதைச் சுற்றி உட்காருகின்றன.

இரண்டு சொற்கள், மூன்று தூண்கள்

இயற்கை வளம் என்பது இங்கே மண், நீர், காடு, பயிர், கால்நடை போன்றவற்றைக் குறிக்கிறது. மனிதர் பயன்படுத்துவதால் குறையக்கூடியவை, கவனித்துக்கொண்டால் மீண்டும் வளரக்கூடியவை. நிலக்கரியும் இரும்பும் இயற்கை வளங்கள்தான் என்றாலும் தோண்டினால் தீர்ந்துபோகும் அவற்றுக்குச் சுரங்கவியல் பல்கலைக்கழகங்கள் வேறு இருக்கின்றன. உயிர் அறிவியல் என்பது உயிருள்ளவை எப்படி இயங்குகின்றன என்பதைச் செல், மரபணு, நுண்ணுயிர் என்ற அளவுகளில் ஆராயும் பல அறிவியல்களுக்குப் பொதுப்பெயர். மருத்துவமும் இதில் அடங்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். போக்கூவில் மருத்துவப் படிப்பு கிடையாது.

பாடத்திட்டத்தை மூன்று தூண்கள் தாங்குகின்றன: இயற்கை அறிவியல், பொறியியல், பொருளாதார-சமூக-சட்ட அறிவியல். இளநிலைப் படிப்பு எதுவானாலும் மூன்றிலிருந்தும் பாடங்கள் இருந்தாக வேண்டும். வனவியல் மாணவருக்குச் சட்டமும் கணக்கியலும் எதற்கு என்று முதல் பருவத்தில் முகம் சுளிக்கத் தோன்றும். அதற்கான காரணத்தைச் சற்றுக் கீழே பனிச்சரிவுப் பகுதியில் பார்க்கலாம்.

தொடங்கிய கதை

1867இல் ஆஸ்திரியப் பேரரசு ஆஸ்திரியா, ஹங்கேரி என்ற இரண்டு தன்னாட்சிப் பாதிகளாகப் பங்கு பிரிந்தது. அதுவரை பேரரசுக்கே பயன்பட்டுவந்த உயர்நிலை வேளாண் பள்ளி, இன்றைய மோசோன்மாட்யரோவார் நகரில் இருந்தது. அது ஹங்கேரியின் பங்குக்குப் போய்விட்டது. எனவே வியன்னாவுக்குச் சொந்தமாக ஒன்று தேவைப்பட்டது. 1872இல் நகரின் எட்டாவது வட்டாரத்தில் ஒரு பழைய அரண்மனையில் வேளாண்மைக்கான உயர்கல்விக்கூடம் திறக்கப்பட்டது.

அது வேளாண்மையோடு மட்டும் நின்றிருந்தால் ‘விவசாயக் கல்லூரி’ என்ற பெயர் பொருந்தியிருக்கும். மூன்றே ஆண்டுகளில், 1875இல், மரியாபுருன்னில் இயங்கிவந்த வனவியல் கல்விக்கூடம் இதனுடன் சேர்க்கப்பட்டது. 1883இல் வடிகால், பாசனம், ஓடைகளைச் சீர்செய்தல் ஆகியவற்றுக்கான பொறியியல் படிப்பு வந்தது. வயல், காடு, தண்ணீர் ஆகிய மூன்றும் பதினோரு ஆண்டுகளுக்குள் ஒன்றுசேர்ந்துவிட்டன. 1896இல் நகரின் வடமேற்கே துர்க்கன்ஷான்ஸே மேட்டில் கட்டப்பட்ட இடத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் தலைமைக் கட்டடம் அதுதான். பெண்களுக்கு 1919 வரை அனுமதியில்லை. இங்கே முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான இல்ஸே வாலண்டின் பெயரை 2020இல் திறக்கப்பட்ட ஒரு மரக் கட்டடத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். மரத்தைக் கட்டுமானப் பொருளாகக் கற்பிக்கும் இடத்தில் வகுப்பறைக் கட்டடமே செய்முறைப் பாடமாக நிற்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இதுவரை பார்த்தது: இந்தப் பல்கலைக்கழகம் துறைகளைவிட நிலத்தின் சிக்கல்களை மையமாக வைத்து வளர்ந்தது, எந்தப் படிப்பிலும் அறிவியல், பொறியியல், சமூக அறிவியல் மூன்றும் கலந்திருக்கும். இனி அந்தக் கலப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு சிக்கலை எடுத்துச் சற்று ஆழமாகப் பார்ப்போம்.

பனிச்சரிவு: ஒரு மலையும் ஐந்து பாடங்களும்

ஆஸ்திரியாவின் பெரும்பகுதி ஆல்ப்ஸ் மலை. 1882இல் டிரோல், கரிந்தியா பகுதிகளில் மலை ஓடைகள் பெருக்கெடுத்துப் பேரழிவு ஏற்பட்டது. 1884இல் காட்டாறுகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது, அதற்கென்று ஓர் அரசுப் பணித்துறையும் உருவானது. காட்டாறு, பனிச்சரிவு இரண்டையும் கவனிக்கும் அந்தத் துறை இன்றும் இருக்கிறது. அதற்கு வேண்டிய பொறியாளர்களைப் பயிற்றுவிப்பது போக்கூவின் பழைய கடமைகளில் ஒன்று. ஆல்ப்ஸ் மலையின் இயற்கை அபாயங்களுக்கென்றே அங்கே ஓர் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது.

பனிச்சரிவு என்றால் சத்தம் போட்டால் பனி சரிந்து விழும் என்பது பரவலான நம்பிக்கை. மனிதக் குரலுக்கு அந்த வலு இல்லை. மலைச்சரிவில் பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை, ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. தெளிந்த குளிர் இரவுகளில் மேற்பரப்பில் இருக்கும் பனி, ஒன்றோடொன்று ஒட்டாத படிக மணிகளாக மாறிவிடும். அதன்மேல் புதுப்பனி கனமாகக் கொட்டினால் அந்த மணி அடுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. சுமை கூடக்கூட அது நொறுங்கும். நொறுங்கிய கணத்தில் மேலே பலகைபோல் கிடக்கும் பனி முழுவதும் பிடிமானம் இழந்து கிளம்பிவிடும். சாய்வு ஏறத்தாழ 30 முதல் 45 பாகை வரை இருக்கும் சரிவுகளே மிக ஆபத்தானவை. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி பெரிதாகச் சேர்வதற்குள் சிறிதுசிறிதாக உதிர்ந்துவிடுகிறது. இதுவரை சொன்னது இயற்பியல்.

இப்போது காடு. பனிச்சரிவு, பாறை வீழ்ச்சி போன்றவற்றிலிருந்து கீழே உள்ள ஊரைக் காக்கும் மலைக்காட்டைப் பாதுகாப்புக் காடு என்பார்கள். மரங்கள் சுவர் மாதிரி நின்று பனியைத் தடுக்கின்றன என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மையில் மேலே ஏற்கெனவே கிளம்பி வேகமெடுத்த பெரிய சரிவு வந்தால் காட்டையே முறித்துக்கொண்டு இறங்கிவிடும். காட்டின் வேலை அதற்கு முன்பே, சரிவு கிளம்பாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. ஊசியிலை மரங்களின் கிளைகள் விழும் பனியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. அது பிறகு கட்டிகட்டியாக உதிர்வதால் தரையில் சீரான அடுக்கு உருவாவதில்லை. கிளைக் கூரையின் கீழே இரவுக் குளிர் மட்டுப்படுவதால் அந்த ஒட்டாத மணி அடுக்கும் எளிதில் தோன்றுவதில்லை. அடிமரங்கள் பனியை அங்கங்கே பிடித்து நிறுத்துகின்றன. ஆனால் சரிவின் போக்கில் சில பத்து மீட்டர் நீளத்துக்கு மரமில்லாத இடைவெளி விழுந்துவிட்டால், காட்டின் நடுவிலேயே பனிச்சரிவு தொடங்கலாம்.

ஆகவே இடைவெளி விழாமல் இளங்கன்றுகள் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இங்கேதான் வேட்டைச் சட்டம் உள்ளே நுழைகிறது. மான்கள் இளங்கன்றுகளின் நுனியைக் கடித்துவிடுகின்றன. வெள்ளித் தேவதாரு என்றால் அவற்றுக்குத் தனி விருப்பம். ஆஸ்திரியாவில் வேட்டை உரிமை நிலவுடைமையோடு பிணைந்தது. வேட்டைக்குப் போதுமான மான்கள் இருக்க வேண்டும் என்பதற்காகக் குளிர்காலத்தில் அவற்றுக்குத் தீனி போடும் வழக்கமும் உண்டு. மான் பெருகினால் கன்று வளராது, கன்று வளராவிட்டால் காடு முதுமையடைந்து ஓட்டை விழும், ஓட்டை விழுந்தால் ஊருக்கு ஆபத்து. முனைவர் பட்டம் வாங்கிய பனி நிபுணர் ஒருவர் மலைமேல் இருந்துகொண்டு, வேட்டைக்காரர் சங்கத்தோடு பேச வேண்டிய இடம் இது. முதல் பருவத்தில் முகம் சுளித்த மாணவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மரம் வளராத உயரத்தில் பொறியியல் வருகிறது. சரிவுக்குக் குறுக்கே வரிசைவரிசையாக எஃகுத் தடுப்புகளை நட்டு, பனி கிளம்பாமல் பிடித்துவைக்கிறார்கள். இவற்றின் செலவு காட்டைப் பராமரிக்கும் செலவைவிடப் பன்மடங்கு அதிகம். எங்கே எஃகு, எங்கே மரம், செலவு யார் தலையில் என்ற கேள்விக்குப் பொருளாதாரம் தெரிய வேண்டும்.

கால்டூர், 1999

டிரோலில் பாஸ்னௌன் பள்ளத்தாக்கில் கால்டூர் என்ற சிற்றூர் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் வாரக்கணக்கில் பனி கொட்டியது. சாலை மூடப்பட்டு, பனிச்சறுக்கு விளையாட வந்த பயணிகள் ஊருக்குள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். 23ஆம் தேதி மாலை மலையிலிருந்து பாய்ந்த பனிச்சரிவு ஊருக்குள் புகுந்தது. 31 பேர் இறந்தார்கள். மறுநாள் அதே பள்ளத்தாக்கில் வால்ட்ஸூர் குடியிருப்பில் மேலும் 7 பேர். பாதுகாப்பான இடம் என்று கருதப்பட்டிருந்த வீடுகளும் நொறுங்கியதுதான் வல்லுநர்களை உலுக்கியது.

அவர்கள் நம்பியிருந்தது ஆபத்து மண்டல வரைபடத்தை. ஓர் ஊரில் எந்த இடத்தை எவ்வளவு வலுவான பனிச்சரிவோ வெள்ளமோ எட்டக்கூடும் என்று கணக்கிட்டு, வண்ணமிட்டுக் காட்டும் அரசு வரைபடம் அது. 1975ஆம் ஆண்டின் வனச் சட்டம் இதற்கு அடிப்படை. சிவப்பு மண்டலத்தில் புதிய வீடு கட்ட முடியாது. மஞ்சளில் சுவரை வலுப்படுத்துவது போன்ற நிபந்தனைகளோடு கட்டலாம். 150 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய நிகழ்வை அளவுகோலாகக் கொள்கிறார்கள். இதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இன்று வந்துவிட்டால் இனி 150 ஆண்டுகளுக்கு நிம்மதி என்று பொருள் இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அது நிகழ 150இல் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரலாம்.

கால்டூருக்குப் பிறகு அளவுகோல் இறுக்கப்பட்டது. பனிச்சரிவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை டன் சுமைக்குச் சமமான அழுத்தம் தரக்கூடிய இடம்தான் முன்பு சிவப்பு. இப்போது ஏறத்தாழ ஒரு டன் போதும். இந்த எண் மாறினால் ஒருவருடைய வீட்டு மனை ஒரே நாளில் மதிப்பிழந்துபோகும். பனியின் இயற்பியலில் தொடங்கிய விஷயம் சொத்துத் தகராறில் வந்து நிற்கிறது. இயற்பியல், வனவியல், சட்டம், பொறியியல், பொருளாதாரம் ஐந்தையும் தெரிந்த ஒருவர் வேண்டும், அல்லது ஐந்து பேர் ஒரே மொழியில் பேசப் பழகியிருக்க வேண்டும்.

வெட்டுவதற்கும் கணக்கு உண்டு

‘நீடித்த பயன்பாடு’ இன்று விளம்பரங்களில் எல்லாப் பொருளின் மேலும் ஒட்டப்படுகிறது. வனவியலில் அதற்குத் தெளிவான பொருள் உண்டு: ஒரு காடு ஓராண்டில் எவ்வளவு மரம் வளர்க்கிறதோ அதற்கு மேல் வெட்டாதே. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் விறகு தட்டுப்பட்ட காலத்தில், ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க அதிகாரி 1713இலேயே இந்தக் கருத்தை எழுதிவைத்தார். காட்டின் மீது காதல் கொண்டு வந்த யோசனை இது என்று நான் நம்பவில்லை. அடுப்பு அணைந்துவிடுமோ என்ற அச்சத்தில் பிறந்தது.

இந்த விதியில் ஒரு பொறி இருக்கிறது. மரத்தின் கன அளவு மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தவர்கள், விரைவாக வளரும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைத் தாழ்நிலங்களிலும் நெருக்கமாக நட்டார்கள். அது குளிரும் ஈரமும் விரும்பும் மரம். வெயில் கடுமையான, மழை பொய்த்த கோடைகளில் அது வலுவிழக்கிறது. பட்டை வண்டு துளைத்து நுழைந்துவிடுகிறது. நலமான மரம் பிசினை வடித்து வண்டை வெளியே தள்ளிவிடும். தண்ணீர் இல்லாத மரத்திடம் பிசினும் இல்லை. ஆஸ்திரியாவின் வடக்கில் வால்ட்ஃபீர்ட்டல் பகுதியில் 2010களின் இறுதியில் காடு காடாகக் காய்ந்தது இதனால்தான். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி காடு என்பதால் இது அங்கே வெறும் பாடப்புத்தகக் கவலை இல்லை. ரோசாலியா மலையில் பல்கலைக்கழகத்தின் பயிற்சிக்கென்று ஒரு காடே உண்டு. மாணவர்கள் மரம் அளப்பதும், எதை வெட்டலாம் என்று குறியிடுவதும் அங்கேதான்.

ஆற்றை ஏன் சிறிதாக்க முடியாது

டான்யூப் ஆற்றின் மேல்பகுதியில் நீர்மின் அணைகள் வரிசையாக நிற்கின்றன. அவை தண்ணீரை விடுகின்றன, கூழாங்கல்லை விடுவதில்லை. கல் கிடைக்காத ஆறு வியன்னாவுக்குக் கீழே தன் படுகையையே அரித்துக்கொண்டு தாழ்கிறது. படுகை தாழ்ந்தால் நிலத்தடி நீரும் தாழும். கரையோர ஈரக்காடுகள் வற்றும்.

இதைச் சோதிக்க ஆய்வகத்தில் சிறிய மாதிரி ஆறு ஒன்றைச் செய்யலாமே? செய்கிறார்கள். ஆனால் ஆற்றை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் மணலையும் அதே அளவு சுருக்க வேண்டும். அப்படிச் சுருக்கிய மணல் தூளாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கும், மணலாக உருளாது. எனவே ஓரளவுக்குக் கீழே மாதிரிகள் பொய் சொல்லும். போக்கூ 2023இல் டான்யூப் கால்வாய் பிரியும் இடத்தில் ஒரு பெரிய நீரியல் ஆய்வகத்தைத் திறந்தது. ஆற்றுக்கும் கால்வாய்க்கும் இடையே உள்ள ஏறத்தாழ 3 மீட்டர் உயர வேறுபாட்டைப் பயன்படுத்தி, பம்பு இல்லாமலே விநாடிக்கு 10,000 லிட்டர் வரை தண்ணீரை உள்ளே விட முடியும்.

இதுவரை: காடு, பனி, ஆறு எதை எடுத்தாலும் அளவீட்டில் தொடங்கி மனிதர்களின் முடிவில்தான் போய் முடிகிறது. கண்ணுக்குத் தெரியும் நிலம் இது. பெயரின் பின்பாதி இன்னும் பாக்கி இருக்கிறது.

வயலில் இருந்து தடுப்பூசி வரை

பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்டறிந்து 1866இல் வெளியிட்ட மரபு விதிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1900இல் அவற்றை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களாகச் சொல்லப்படும் மூவரில் ஒருவரான எரிக் ஃபான் செர்மாக், பின்னர் இங்கே பயிர்ப் பெருக்கப் பேராசிரியராக இருந்தார். தலைமைக் கட்டடத்துக்கு மெண்டலின் பெயர். மெண்டல் அங்கே படித்ததும் இல்லை, கற்பித்ததும் இல்லை.

வியன்னாவுக்கு மேற்கே டுல்ன் நகரில் உள்ள வளாகத்தில், கோதுமைக் கதிரில் பிடிக்கும் ஃபுசேரியம் பூஞ்சையையும் அது விட்டுச்செல்லும் நஞ்சையும் ஆராய்கிறார்கள். பூஞ்சையைத் தாங்கும் ரகத்தை உருவாக்குபவரும், மாவில் நஞ்சின் அளவைக் கண்டறிபவரும் அங்கே ஒரே வளாகத்துக்காரர்கள்.

நுண்ணுயிரைத் தொட்டியில் வளர்த்து வேண்டிய பொருளைச் செய்யவைக்கும் கலை முதலில் பீருக்கும் ஒயினுக்கும் பாலாடைக்கும் பயன்பட்டது. அதே தொட்டியில் விலங்குச் செல்லை வளர்த்தால் மருந்துப் புரதம் கிடைக்கும். போக்கூவின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஹெர்மன் காட்டிங்கர் 1992இல் நிறுவிய பாலிமுன் நிறுவனம், கொரோனா காலத்தில் பயோன்டெக்–ஃபைசர் தடுப்பூசிக்கு வேண்டிய கொழுப்பு நுண்துகள்களைத் தயாரித்தது. தடுப்பூசியின் ஆர்.என்.ஏ.யைப் பொதிந்து செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் உறைதான் அந்தத் துகள். விவசாயக் கல்லூரி என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சேர நினைப்பவர்களுக்குச் சில வரிகள்

இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடக்கின்றன. முதுநிலையில் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளும் உண்டு. திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும், நிலத்தோற்றத் திட்டமிடல், மரம்-நார்த் தொழில்நுட்பம், குதிரை அறிவியல் வரை பாடப்பட்டியல் நீள்கிறது. குதிரைப் படிப்பைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்துகிறார்கள். கால்நடை மருத்துவராக விரும்புகிறவர் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.